அழைப்பிதழில் இருப்பவள் புவனா இல்லை

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்துவிட்டுத் தொடங்குகிறேன். அன்பு இல்லாமல் போய்விடவில்லை. இந்த வாரம் அதைக் காட்டுகிற மனநிலை எனக்கு இல்லை, அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாம். “ஷிஃப்ட்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்” என்று நீ வைத்துவிடுவாய். பாசிர் கூடாங் ஆலையில் எந்த மணி அடித்தாலும் ஓடுகிறவனுக்கு, அம்மா வாயைத் திறந்தால் மட்டும் வேலை வந்துவிடும். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி. நீ படித்த பிறகு நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். இதில் இருக்கிற அசிங்கம் நம் வீட்டில் மட்டும் நடக்கிற அசிங்கம் இல்லை. புவனாவிடம் முழுவதையும் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண், புவனா, போன சனிக்கிழமை ரெங்கத்திலிருந்து நம் தம்போய் வீட்டுக்கு வந்தாள். முகூர்த்தச் சேலைக்கு ரவிக்கை அளவெடுக்க நான்தான் வரச் சொல்லியிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கே ரவிக்கை தைக்கிறவள் நான். தையல்காரிக்கு முகம் தேவையில்லை. கழுத்து, தோள், முதுகு, கை, இவைதான் கண்ணில் படும். கழுத்தைச் சுற்றி டேப்பை வைத்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. தாடைக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கழுத்து அவளுடைய சொந்த நிறத்தில் மினுமினுப்பாக இருந்தது. கோட்டுக்கு மேலே முகம் வெளிறி, கன்னம் மட்டும் தீப்பட்டதுபோலச் சிவந்து, மூக்கின் ஓரத்தில் மெல்லிய நரம்புகூடத் தெரிந்தது.

“முகத்துக்கு என்னம்மா போடுறே?” என்று கேட்டேன்.

“கிரீம் அத்தை. அவருதான் வாங்கிக் கொடுத்தாரு. கல்யாணத்துக்குள்ள நல்லா வந்துரும்னு சொன்னாரு.”

“வெயில்ல போனா எரியுதா?”

“எரியும். ஸ்கூல்ல பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போனா ரொம்ப எரியும். ஆனா எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்.”

பாலர் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண். எரிகிறது என்றால் கையை எடு என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவள், எரிவது நல்லது என்று உன் வாயால் கேட்டு நம்பிவிட்டாள். உட்காரச் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. காலில் செருப்பு வாரின் தடம் இன்னும் பள்ளமாக இருந்தது. குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். குழி எழும்பவில்லை. அந்தக் குழியை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு வருடம் தைரியம் வரவில்லை.

டப்பாவைக் கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரவுக்கு உள்ளது மஞ்சளாக, குழைத்த மாவுபோல இருந்தது. மூடியில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது, எங்கே செய்தது, எப்போது கெட்டுப்போகும், அரசாங்கப் பதிவு எண் என்ன, ஒரு எழுத்து இல்லை. உன்னோடு வேலை செய்கிறவரின் மனைவி வீட்டில் வைத்து விற்கிறாராம். இயற்கையானதாம். ஏன் தம்பி, போன தீபாவளிக்கு வந்தபோது என் அடுப்படியில் மினரல் தண்ணீர்ப் போத்தலில் குளோரோக்ஸ் பிளீச் ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நீ எனக்கு எவ்வளவு நேரம் வகுப்பெடுத்தாய்? “லேபல் இல்லாத போத்தல் வீட்டுல இருக்கவே கூடாதும்மா, எங்க பிளான்ட்ல இப்படி வச்சா வேலையை விட்டே தூக்கிருவாங்க” என்றாய். நீயே மார்க்கர் எடுத்து எழுதி ஒட்டினாய். தரை துடைக்கிற தண்ணீருக்கு லேபல் கேட்டவன், கட்டிக்கொள்ளப் போகிறவள் முகத்துக்கு ரோஜாப்பூ போதும் என்று நினைத்திருக்கிறாய். கையுறை இல்லாமல் ஒரு வால்வைத் தொடமாட்டாய். உன்னைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளனாகப் போட்டவர்களை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

அன்று மாலையே அவளை நம் கடைவீதிக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ரவிக்கைத் துணி வெட்டாமல் மேசைமேலேயே கிடந்தது. டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், உன் வயதுதான் இருக்கும். சிறுநீரைச் சோதித்துவிட்டு வந்து, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை மாசமா போடுறீங்க?”

“நிச்சயம் முடிஞ்சதிலேர்ந்து. நாலு மாசம் இருக்கும் டாக்டர்.”

“யூரின் நுரையா போகுதா?”

புவனா என்னைப் பார்த்தாள். மாமியாராகப் போகிறவள் முன்னால் சொல்லக் கூச்சம். பிறகு தலையாட்டினாள். சிறுநீரில் புரதம் ஏகமாகப் போகிறது என்றும், வடிகட்ட வேண்டிய சிறுநீரகம் ஓட்டையாகி நல்லதையும் சேர்த்து வெளியே விடுகிறது என்றும் டாக்டர் சொன்னார். இந்த மாதிரி டப்பாக்களில் பாதரசம் இருப்பதுண்டு, முன்பு தெர்மாமீட்டருக்குள் பளபளவென்று ஓடுமே, அதே பாதரசம். ரத்தத்தில் இருக்கிறதா என்று பெரிய மருத்துவமனையில் பார்க்க வேண்டும், டப்பாவையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இவள் படுக்கிற தலையணை உறை, துடைக்கிற துண்டு, அதே கட்டிலில் படுக்கிற தங்கச்சி, எல்லாவற்றையும் பற்றிக் கேட்டார், பூசியது அங்கெல்லாம் ஒட்டிப் பரவுமாம். அந்தத் தங்கச்சிக்கு இன்னும் பள்ளிக்கூடம் முடியவில்லை. உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லாதே. தெரிந்துகொள்ள உன் கையில் போன் இருந்தது.

அந்த டாக்டரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன், வெட்கத்தை விட்டு. “இதுல எதுதான் டாக்டர் நல்ல கிரீம்?” அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். கடையில் முறையாக விற்கிற சாதாரணப் பூச்சுகள் பெரும்பாலும் தோலைக் காயாமல் வைக்கும், கொஞ்சம் பளிச்சென்று காட்டும், அதற்கு மேல் பிறந்த நிறத்தை மாற்றும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. இரண்டு மூன்று வாரத்தில் நிறத்தையே மாற்றுகிறேன் என்று வருவதற்குள் இருப்பது பாதரசமாக இருக்கும், அல்லது ஸ்டீராய்டாக இருக்கும், அல்லது ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தை அளவில்லாமல் கொட்டியதாக இருக்கும். ஸ்டீராய்டு தோலைக் காகிதம்போல மெலிதாக்கிவிடும். நிறுத்தினால் முகம் முழுக்கக் கொப்பளிக்கும், அதற்குப் பயந்தே விடாமல் பூசுவார்கள். ஹைட்ரோகுவினோன், தோல் டாக்டர் ஒருவர் மங்குக்கு எழுதிக்கொடுத்து, கொஞ்ச காலம், அவர் கண்ணெதிரில் போடவேண்டியது. சொந்தமாக வருடக்கணக்கில் போட்டால் வெளுப்பதை விட்டுவிட்டு நீலமும் கறுப்புமாகப் படை படையாகத் தங்கிவிடும், பிறகு எதற்கும் லேசில் போகாது. இதைச் சொல்லும்போது அவர் என் கன்னத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாகரிகமாகக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஆக, விற்கிறவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை தம்பி. வேலை செய்யும். அதுதான் அதன் கேடு. புவனாவின் முகம் வெளுக்கத்தான் செய்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகள் எந்தக் கிரீம் என்று கேட்டார்களாம். போனில் வட்ட விளக்குப் போட்டுக்கொண்டு, புறங்கையில் தேய்த்துக் காட்டி, “பாருங்க சிஸ், ஒரே வாரம்” என்று கூவுகிற பெண்களை நானும் பார்க்கிறேன். பப்பாளி என்கிறார்கள், அரிசி என்கிறார்கள், குங்குமப்பூ என்கிறார்கள். பப்பாளி பூசியா ஒருத்திக்குக் கால் வீங்குகிறது? அரளி விதையும் இயற்கைதான். அவர்கள் விற்பதை அவர்கள் பிள்ளைக்குப் பூசுவார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது, அப்படிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இனி என் கதை. உனக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. அம்மா பாசிர் கூடாங்கில் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை செய்தாள், அங்கே சர்க்யூட் பலகை துடைக்கிற திரவம் பட்டு அம்மாவின் கன்னம் இரண்டும் கறுத்துப் போய்விட்டது, அதனால் வேலையை விட்டுவிட்டுத் தையலுக்கு வந்தாள். இதை நீ ஐந்தாம் வகுப்பில் ‘என் தாய்’ என்ற கட்டுரையில் எழுதினாய். பரிசளிப்பு விழாவில் உன் ஆசிரியை அதை மைக்கில் வாசித்தார். குடும்பத்துக்காக முகத்தையே கொடுத்த தாய் என்று நீ எழுதியிருந்தாய். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார், சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தட்டினேன். அந்தக் கட்டுரையை பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று உன் அப்பா சொன்னபோது, வேண்டாம், கண் பட்டுவிடும் என்று தடுத்தேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த யோக்கியமான காரியம்.

திரவமும் இல்லை, பலகையும் இல்லை. கையுறை போட்டுத்தான் வேலை செய்தோம். பேக்டரி உடை மாற்றும் அறையில் ஒரு பெண் சின்ன டப்பாவில் கிரீம் கொண்டுவந்து விற்பாள், அதுவும் லேபல் இல்லாதது. கல்யாணமான புதிதில் உன் அப்பா வீட்டுப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். “மாப்பிள்ளை செவப்பு, பொண்ணு இப்படி” என்று ஒரு அம்மாள் பந்தியில் சொன்னது காதில் விழுந்தது. அதை உன் அப்பா சொல்லவில்லை. உன் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ ஒருத்தி, பாயசம் குடித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைக்காக மறுநாளே டப்பா வாங்கினேன். பார், எவ்வளவு கேவலமான காரணம். பட்டினி, பயம், அடி, உதை என்று ஒரு காரணமும் இல்லை. முகம் வெளுத்தது, எல்லோரும் கேட்டார்கள், தலை கால் புரியவில்லை எனக்கு.

நீ வயிற்றில் இருக்கும்போதும் பூசினேன். பிள்ளைக்கும் கலர் வரும் என்று உடை மாற்றும் அறையில் ஒருத்தி சொன்னாள். ஏழாம் மாதம் கால் வீங்கியது. தாய்சேய் கிளினிக்கில் நர்ஸ் என் காலை அழுத்திப் பார்த்தார், அந்தக் குழி எழும்பவில்லை. சிறுநீரில் புரதம் என்று மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். கர்ப்பத்தில் வருகிற நோய் என்று நினைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். வேறு ஏதாவது மருந்து, பூச்சு போடுகிறீர்களா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். இரண்டு முறையும் இல்லை என்றேன். வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் டப்பா இருந்தது. வார்டில் பூச வழியில்லை, கால் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. எதனால் வடிந்தது என்று எனக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. நீ நல்லபடியாகப் பிறந்தாய். அதற்கு என் கவனம் காரணம் இல்லை, என் குலதெய்வம் காரணமா என்றும் தெரியாது. நீ நடக்கத் தாமதமான இரண்டு மாதமும் நான் தூங்கியதில்லை. காய்ச்சல் வந்தால், படிப்பில் மதிப்பெண் குறைந்தால், எல்லாவற்றுக்கும் அந்த டப்பாவைத்தான் நினைத்தேன்.

அப்படிப் பயந்தவள் நிறுத்தியிருக்க வேண்டும்தானே? உன் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறுபடியும் பூச ஆரம்பித்தேன். நிறுத்தியதும் முகம் முன்னைவிடக் கறுத்துவிட்டது, அதைத் தாங்க முடியவில்லை. இந்த முறை வேறு டப்பா, இன்னும் வேகமாக வேலை செய்யும் என்றார்கள். வருடங்கள் போயின. ஒருநாள் கண்ணாடியில் கன்னத்தில் சாம்பல் நிறத்தில் திட்டு தெரிந்தது. வெளுக்கட்டும் என்று அதன் மேலேயே இன்னும் தடித்துப் பூசினேன். திட்டு நீலமாகி, கறுப்பாகி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா என்ன இது என்று கேட்டார். பேக்டரி கெமிக்கல் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான். அவர் அப்போது அதே பேக்டரிக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஷிஃப்ட் இறங்கும்போது, அத்தனை பேர் பார்க்க, எங்கள் சூப்பர்வைசரை வழிமறித்து, “என் பெண்டாட்டி முகத்தைப் பாரு” என்று மலாயில் கத்தினார். அந்த மலாய்க்காரர் வயதானவர், ஒன்றும் புரியாமல் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். தியாகி ஆகிவிட்டேன், வசதியாக.

இந்தப் பொய்யை நான் சொல்லாமல் இருந்திருந்தால், என் கன்னத்தைப் பார்த்தே புவனா தப்பித்திருப்பாள். அவள் என்னிடம் சொன்னாள்: “உங்க முகத்தைப் பத்தி அவர்கிட்ட கேட்டேன் அத்தை. பேக்டரில நடந்ததுன்னு சொன்னாரு. பாவம்னு நெனச்சேன்.” லேபல் இல்லாத டப்பாவைப் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு விளம்பரப் பலகைபோல நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், அந்தப் பலகையில் நானே பொய்யை எழுதி வைத்திருந்தேன். உன் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். தோசையைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “அந்த மனுஷனைப் போய் அப்படிக் கத்துனேனே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்தச் சூப்பர்வைசர் உயிரோடு இருக்கிறாரா என்று பழைய டிரைவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு குற்றமும் என்னுடையதுதான். உன் நிச்சயதார்த்தப் படம். ரெங்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நீங்கள் இருவரும் நின்ற படத்தை நான்தான் என் போனில் எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால் படத்தை வெளுப்பாக்கி அழகுபடுத்துகிற ஆப்பில் இருக்கிற கோட்டை விரலால் தள்ளினேன். தள்ளத் தள்ள புவனா வெளுத்துக்கொண்டே போனாள். உன்னையும் கொஞ்சம் தள்ளினேன். கூலாயில் இருக்கிற உன் பெரியம்மா, என் சொந்த அக்கா, ஒரு நிமிடத்தில் எழுதினாள்: “பொண்ணு நல்ல கலரா இருக்கே, கொடுத்து வச்சவன்.” அதற்கு எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பெண்ணின் படிப்பைக் கேட்டவர் இல்லை, குணத்தைக் கேட்டவர் இல்லை. மாவு சலிக்கிறவர்கள்போல எல்லோரும் நிறத்தை மட்டும் சலித்துப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? பூரித்துப் போனேன். அதே படத்தை அழைப்பிதழுக்குக் கொடுத்தேன். அச்சகத்தில் இருந்த பையன் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டான், அவன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்தான். போன மாதம் கட்டு கட்டாக அட்டை வந்து இறங்கியது. அதில் உன் பக்கத்தில் நிற்பது யாரென்று எனக்குத் தெரியவில்லை. புவனா இல்லை.

நீ என்ன செய்திருக்க வேண்டும்? இது அவள் இல்லையே அம்மா, வேறு படம் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். அதற்குப் பதிலாக அவளிடம் டப்பாவைக் கொடுத்து என்ன சொன்னாய் என்று அவள் எனக்குச் சொன்னாள். “இந்தப் படம்தான் கார்டுல வரப்போகுது. வர்றவங்க பொண்ணு எங்கேன்னு தேடக் கூடாதுல்ல லா.” சிரித்துக்கொண்டே சொன்னாயாம். அவளும் சிரித்தாளாம். அட்டையைத் திருத்துவது லேசு என்று தோன்றாமல், பெண்ணைத் திருத்திவிடலாம் என்று தோன்றியிருக்கிறது பார் உனக்கு. போனில் நான் தள்ளிய கோட்டை நீ அவள் முகத்திலேயே தள்ளியிருக்கிறாய். என் புத்தி அப்படியே உனக்கு வந்திருக்கிறது, அதில்தான் எனக்கு அருவருப்பு. உன்மேல் எவ்வளவோ, அதைவிட என்மேல்.

செவ்வாய்க்கிழமை பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ரத்தத்தில் பாதரசம் இருக்கிறது என்று நேற்று முடிவு வந்துவிட்டது. பூசுவதை நிறுத்தினால் நிறையப் பேருக்குச் சிறுநீரகம் மெல்லத் தேறிவிடும், மாதக்கணக்கில் ஆகலாம், எல்லோருக்கும் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தங்கச்சிக்கும் சோதனை எடுத்திருக்கிறார்கள், இன்னும் முடிவு வரவில்லை. கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது. அதற்குள் புவனாவின் முகம் முன்னைவிடக் கறுத்து, கொப்பளித்து, திட்டுத் திட்டாக ஆகலாம். அப்படித்தான் மணவறையில் உட்காருவாள், உட்காருவதென்று அவள் முடிவு செய்தால்.

இன்று காலை நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிச்சயதார்த்தப் படத்தைத் தள்ளாமல், எடுத்தது எடுத்தபடி, குடும்பக் குழுவில் போட்டேன். கூடவே பவுடர் போடாத என் முகத்தையும் போனை அருகில் பிடித்துப் படமெடுத்துப் போட்டேன். என் கன்னம் பேக்டரியில் கெட்டது இல்லை, கிரீமில் கெட்டது, நான் இத்தனை வருடம் சொன்னது பொய், உங்கள் வீட்டு அலமாரியிலும் லேபல் இல்லாத டப்பா இருந்தால் பூசுவதை இன்றே நிறுத்திவிட்டு டப்பாவோடு டாக்டரிடம் போங்கள் என்று எழுதினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நீலக் கோடு விழுந்துவிட்டது. ஒருவரும் எழுதவில்லை. பெரியம்மா மட்டும் கும்பிடுகிற கை படம் ஒன்று போட்டாள், எதற்குக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து உன் சின்ன மாமா மகள் தனியாக ஒரு டப்பாவின் படத்தை அனுப்பி, “இது பரவால்லயா அத்தை?” என்று கேட்டாள். அதிலும் லேபல் இல்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அவள் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன்.

இப்போது உன் காரியம். மருத்துவமனை நடையில் நாற்காலியில் வரிசைக்குக் காத்திருந்தபோது புவனா என்னிடம் கேட்டாள். அழவில்லை, சத்தமும் உயர்த்தவில்லை.

“அத்தை, என் கலர் இதுதான்னு பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும்தானே. புடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே. சரின்னும் சொல்லிட்டு, ஏன் இதையும் கொடுத்தாரு?”

டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். இந்தக் கேள்வியை உனக்கு அனுப்புகிறேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, நீதான் சொல்ல வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுப்பு என்று எனக்குத் தெரியும். பகலில் ரெங்கத்துக்குப் போ. பழம், பூ, இனிப்பு என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. அம்மா அனுப்பினார்கள் என்று சொல்லாதே. அவள் பெற்றோர் முன்னால் உட்கார். மன்னிப்பை நீட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதே, முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல். பிடித்திருந்தது என்றால், பிடித்தவளை ஏன் மாற்றப் பார்த்தாய் என்று அடுத்துக் கேட்பாள். அதற்கும் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு, அது உன் அம்மா சொன்ன பொய்களைவிட மேல்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் வேண்டாம் என்றால், குறை மாப்பிள்ளை வீட்டில்தான் என்று அட்டை கொடுத்த வீடெல்லாம் ஏறி இறங்கி நானே சொல்வேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் சோதனைக்குப் போக வேண்டும். வீடு திரும்பும் வழியில், “கல்யாணம் நடக்கலைன்னாலும் கூட வருவீங்களா அத்தை?” என்று கேட்டாள். வருவேன் என்றேன். அதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அவள் எதிரில் உட்காரும்போது, பதில் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறாய் என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா